நடுமுகக் குறையும் சிகிச்சைத் தேர்வும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடம் சொல்லும் ஆசிரியன் ஒருவன் சத்திர சிகிச்சையைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். அதன் காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகின்றேன். சென்ற கூட்டத்தின் முடிவில் நம் உறுப்பினர் ஒருவர் காரியதரிசியவர்களிடம் ஒரு வினாவை எழுதிக் கொடுத்தார். அவர் மகளுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. குழந்தைப் பருவத்தில் அவை தைத்து மூடப்பெற்றன. இப்பொழுது 16 வயதாகும் அப்பெண்ணுக்கு மேல்தாடை உள்ளடங்கி, முகத்தின் நடுப்பகுதி குழிந்து நிற்கின்றது. ஒரு மருத்துவர், தாடையை அறுத்து ஒரே முறையில் முன்னே வைத்துவிடலாம் என்கிறார். மற்றொருவர், நாடோறும் சிறிது சிறிதாக இழுத்து வளர்ப்பதே நலம் என்கிறார். "இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது?" என்பதே அத்தந்தையாரின் வினா. காரியதரிசியவர்கள் அதனை என்னிடம் தந்து, "இது பேச்சையும் பற்றியதாதலின் நீரே ஆராய்ந்து கூறும்" என்றார்கள்.

யான் மருத்துவன் அல்லேன். நூல்களைப் படித்தும், துறையறிந்தாரை வினாவியும் தெரிந்துகொண்டவற்றையே ஈண்டுத் தொகுத்துக் கூறுவேன். இன்னார்க்கு இன்னது செய்யத்தக்கது என்று துணிதல் மருத்துவர் கடமை. அவரிடம் எதனைக் கேட்கவேண்டும் என்று அறிந்து செல்லுதல் நம் கடமை. இவ்விரண்டாவது கடமைக்குத் துணை செய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பிளவு உண்டாகும் வகை

கருவில் உள்ள குழவியின் முகம் ஒரே துண்டாகத் தோன்றுவதன்று. இரு பக்கத்தினின்றும் நடுவினின்றும் முளைக்கும் சில பகுதிகள் ஒன்றையொன்று நாடி வந்து பொருந்தியே முகம் ஆகின்றது. மேலுதடு கருவின் 6, 7-ஆம் வாரங்களை ஒட்டியும், அண்ணம் 12-ஆம் வாரத்திற்குள்ளும் பொருந்தி முடிகின்றன. அப்பொருத்தம் ஓரிடத்தில் நிகழாது நின்றுவிடின், அவ்விடமே பிளவாகின்றது. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று இவ்வகைப் பிளவோடு பிறக்கின்றது என்பர். குலவழியாக வரும் கூறுகளும், கருவுற்ற காலத்துச் சூழலில் அமையும் சில ஏதுக்களும் கூடி இதனை விளைக்கின்றன.

இங்கே ஒன்று சொல்லாமல் விடுதற்கில்லை. கிரகணத்தின்போது கர்ப்பிணி காய் நறுக்கினாள், அதனால் குழந்தையின் உதடு அறுபட்டது என்று நம் வீடுகளில் இன்றும் கூறுவார் உளர். உதடு பொருந்தும் காலம் கருவின் தொடக்க வாரங்களிலேயே கடந்துபோகின்றது. வானத்து நிழலுக்கும் வயிற்றுக் குழவியின் உதட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தான் செய்யாத குற்றத்தை ஒரு தாயின் தலையிற் சுமத்தி, அவளை வாழ்நாள் முழுதும் கூசி நிற்கச் செய்வது பெருங்கொடுமை. இவ்வழக்கத்தை நாம் இன்றோடு விட்டொழிக்க வேண்டும்.

மேல்தாடை பின்தங்குவது ஏன்?

பிளந்த உதட்டை வழக்கமாக 3 முதல் 6 மாதத்திற்குள்ளும், அண்ணத்தை 9 முதல் 18 மாதத்திற்குள்ளும் தைத்து மூடுவர். பால் குடிக்கவும், பேசவும், செவிநோய் குறையவும் இவை இன்றியமையாதன. ஆயினும், தைத்த இடத்தில் தழும்பு உண்டாதல் இயற்கை. தழும்பு தோலைப்போல் நெகிழாது. இறுகி நின்று பிடித்துக்கொள்ளும். வளரவேண்டிய மேல்தாடையை அத்தழும்பு முன்செல்ல விடாமல் தகைகின்றது. பிளவோடு பிறந்த சிலர்க்கு அவ்வெலும்பின் வளரும் ஆற்றலே இயல்பிற் குறைந்திருப்பதும் உண்டு. கீழ்த்தாடையோ தடையின்றி வளர்கின்றது. ஆதலின், 5, 6 வயதில் அழகாகத் தோன்றிய முகம் 13, 14 வயதில் மாறத் தொடங்குகின்றது. கன்னமும் மூக்கின் அடியும் உள்ளடங்குகின்றன. மேலுதடு மெலிந்து உள்ளே மடிகின்றது. கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வந்து நிற்கின்றன.

இதனைக் காண்பார், "தாடை நீண்டுவிட்டது" என்பர். உண்மையில் பெரும்பாலும் கீழ்த்தாடை நீளவில்லை, மேல்தாடையே பின்தங்கிவிட்டது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். என்னை? குறை மேலே இருக்க, கீழ்த்தாடையை மட்டும் அறுத்துப் பின்தள்ளினால் பற்கள் பொருந்தினும் முகத்தின் குழிவு அப்படியே நிற்கும்.

கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் ஆராய்ந்த புரூஸ் ராஸ் என்பவர் 1987-இல் வெளியிட்ட கட்டுரைகளில், ஒருபக்கப் பிளவுடையாருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்குப் பற்கம்பியால் மட்டும் இக்குறையைத் தீர்க்க இயலாது என்று மதித்தார். இத்தொகை மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். எனினும், பிளவோடு பிறந்தார் அனைவரும் தாடை அறுப்பித்துக்கொள்ள வேண்டுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இஃது அழகைப் பற்றியது மட்டுமா? அன்று. முன்பற்கள் எதிரெதிர் சந்தியாமையால் கடித்து உண்ணுதல் அரிதாகின்றது. மூக்கின் வழி மூச்சு தடைப்படுகின்றது. சில ஒலிகள் திரிகின்றன. இவற்றோடு, பிறர் முகத்தை ஏறிட்டுப் பாராத ஒரு கூச்சமும் பிள்ளையின் உள்ளத்திற் குடிகொள்ளுகின்றது. அழகு வேண்டுமென்று ஒரு பெண்ணோ பிள்ளையோ விரும்புவதும் இகழத்தக்கதன்று. முகம் ஒருவர்க்கு உலகத்தோடு பழகும் வாயில் அன்றோ?

அறுப்பதற்கு முன்னர்ச் செய்யத்தக்கவை

8 முதல் 11 வயதிற்குள், மேற்கோரைப் பல் முளைக்குமுன், ஈறெலும்பில் எஞ்சி நிற்கும் பிளவை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளால் நிரப்புவர். இதனைச் செய்துகொள்ளாது விட்டவர்க்குப் பின்னர்த் தாடை அறுக்கும்பொழுது மேல்தாடை ஒரு துண்டாக நில்லாது இடர்ப்படும். குறை சிறிதாயின், சிறு வயதில் முகமூடி போன்ற ஒரு கருவியால் மேல்தாடையை முன்னிழுத்தும், பின்னர்ப் பல்லுக்குக் கிளிப் போட்டும் சரிசெய்வர். இவற்றால் தீராத குறைக்கே சத்திர சிகிச்சை வேண்டப்படுகின்றது. அச்சிகிச்சைக்கு முன்னும் பல்வரிசையை ஒழுங்குசெய்ய ஓராண்டு, ஒன்றரையாண்டு கிளிப் அணிந்திருத்தல் வழக்கம். அக்காலத்தில் பல்லின் கடி முன்னிலும் கெட்டதுபோல் தோன்றும். அது கண்டு அஞ்சவேண்டாம். ஒவ்வொரு வரிசையும் தன் தாடையில் நேராக நின்றாலன்றி இரண்டும் பின்னர்ப் பொருந்தமாட்டா.

முதல் முறை: ஒருமுறையில் முன்வைத்தல்

1901-இல் பிரான்ஸ் தேசத்து ரெனே லெ ஃபோர்ட் என்னும் சத்திர வைத்தியர், உயிர் நீங்கிய உடல்களின் முகத்தில் அடிபடச் செய்து, நடுமுக எலும்பு எவ்வெவ் வழியில் உடைகின்றது என்று ஆராய்ந்து மூன்று கோடுகளை வகுத்தார். அவற்றுள் முதற்கோடு மூக்கின் அடியாக, பற்களின் வேர்களுக்கு மேலே, கிடையாகச் செல்வது. விபத்தில் எலும்பு உடையும் வழியையே பிற்காலத்தார் மருத்துவத்தில் எலும்பை அறுக்கும் வழியாகக் கொண்டனர். 1927-இல் ஜெர்மனியில் வாஸ்முண்ட் என்பவர் இம்முறையைப் பல் பொருத்தத்திற்காகக் கையாண்டார். 1960-களில் சூரிச்சு நகரத்து ஓப்வேகெசர் என்பவர், மேல்தாடையை முழுவதும் விடுவித்து இழுவையின்றி முன்னே வைத்தாலன்றி அது நிலைத்து நில்லாது என்று காட்டினார். அமெரிக்க நாட்டு வில்லியம் பெல் என்பவர் குரங்குகளில் ஆராய்ந்து, எலும்பை அறுத்த பின்னும் அண்ணத்துச் சதையின் வழியாக அதற்கு இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மெய்ப்பித்தார்.

இன்று செய்யும் முறை இது. மயக்கமருந்து கொடுத்து, மேலுதட்டின் உட்புறத்தில் கீறி, எலும்பை அறுத்து மேல்தாடையை விடுவிப்பர். முகத்தின் வெளியே வடு உண்டாவதில்லை. முன்னரே அளந்து வைத்த தூரம் அதனை முன்கொணர்ந்து, டைட்டானியத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பிணித்துவிடுவர். சிலவிடங்களில் இடையே எலும்பும் வைப்பர். தூரம் மிகுதியாயின், மேல்தாடையைச் சிறிது முன்னும் கீழ்த்தாடையைச் சிறிது பின்னுமாக அமைத்து இரண்டிற்கும் பகிர்ந்துகொடுப்பதும் உண்டு.

இதன் நலம் யாதெனின், காரியம் ஒரே நாளில் முடிகின்றது என்பது. கண்விழிக்கும்போதே தாடை புதிய இடத்தில் இருக்கும். மேல்தாடையை மேல் கீழாகவும், பக்கமாகவும், சுழற்றியும் நுட்பமாக நிறுத்தலாம். சில வாரம் வீக்கமும் மென்மையான உணவுமாகக் கழித்தால் படிப்புக்கோ தொழிலுக்கோ திரும்பலாம். குறை யாதெனின், நீட்டப்பட்ட தழும்பு தாடையை மீண்டும் பின்னுக்கு இழுக்க முயல்கின்றது என்பது. பிளவில்லாதார்க்குச் செய்வதிலும் பிளவுடையார்க்குச் செய்வதில் இப்பின்வாங்கல் மிகுதி. தூரம் ஏற ஏற அஃது இன்னும் மிகும். கன்னத்திலும் உதட்டிலும் உணர்ச்சி மரத்தல், இரத்தப் போக்கு, அரிதாகச் சில பற்களும் எலும்பும் இரத்தமின்றிக் கெடுதல் ஆகியனவும் நேரலாம். இருபக்கப் பிளவுடையார்க்கு நடுத்துண்டிற்குச் செல்லும் இரத்தம் குறைவாதலின், அவரிடத்து மருத்துவர் இதில் மிக விழிப்பாயிருப்பர்.

இரண்டாம் முறை: இழுத்து வளர்த்தல்

எலும்பை அறுத்து மெல்ல விலக்கிக்கொண்டே சென்றால், அவ்விடைவெளியில் புதிய எலும்பு தானே முளைக்கும் என்பது இம்முறையின் அடிப்படை. 1905-இல் இத்தாலி தேசத்துக் கொடிவில்லா என்பவர் குட்டையான காலை நீட்ட முயன்று அதனை வெளியிட்டார். ஆயினும், 1950-கள் தொடங்கி, ரஷ்யாவின் குர்கான் நகரத்தில் இலிசாரோவ் என்பவரே இதனை முறைப்படுத்தி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குவதே தக்கது என்று நிலைநாட்டினார். விரைந்து இழுத்தால் எலும்பு முளையாது. மிகத் தாழ்த்தால் முன்னரே ஒட்டிக்கொள்ளும். காலுக்குக் கண்ட இம்முறையைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுவந்து 1992-இல் நியூயார்க் நகரத்து ஜோசப் மெக்கார்த்தியும், பிளவுடையாரின் மேல்தாடைக்கு ஏற்ற வெளிக்கருவியை அமைத்து 1997-இல் சிகாகோ நகரத்துப் பாலி, பிகுவரோவா என்பவரும் கட்டுரை வெளியிட்டனர்.

இதிலும் எலும்பு அறுக்கும் கோடு பெரும்பாலும் முன்சொன்னதே. அறுத்தபின் தாடையை உடனே நகர்த்தாமல் ஏறக்குறைய 5 நாள் ஆறவிடுவர். பின்னர்க் கருவியைத் திருகி நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டராக இழுப்பர். பெரும்பாலும் வீட்டிலேயே பெற்றோர் காலையும் மாலையும் திருகுவர். வேண்டிய தூரம் வந்தபின் புதிய எலும்பு இறுகும்வரை இரண்டு மூன்று மாதம் கருவியை அசையாது விட்டுவைப்பர். கருவி இருவகைப்படும். ஒன்று, தலையெலும்பில் திருகாணிகளாற் பொருத்தி, முகத்தின் முன்னே கம்பி நிற்க அமைந்த வெளிக்கருவி. மற்றொன்று, வாயினுள்ளே மறைந்திருப்பது. அதனைக் கழற்ற மீண்டும் ஒரு சிகிச்சை வேண்டும்.

இதன் நலம் யாதெனின், எலும்போடு சதையும் தழும்பும் மெல்ல மெல்ல நீண்டு இசைகின்றன; ஆதலின், 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தையும் கடக்க இயலுகின்றது. வளர்ச்சி முடியாத இளையோர்க்கும், குறை மிகக் கொடிதாயின், இதனைச் செய்வதுண்டு. ஆனால், இழுத்து வைத்த மேல்தாடை தானே பின்னர் வளர்வதில்லை. கீழ்த்தாடை வளர்ந்துகொண்டே போகும். ஆகவே, அவர்கள் வளர்ந்தபின் இரண்டாமுறையும் அறுப்பித்துக்கொள்ள நேரலாம் என்பதைப் பெற்றோர் தெரிந்தே இசையவேண்டும். வெளிக்கருவியோடு மாதக்கணக்கில் இருத்தலும், திருகாணி நின்ற இடத்தைத் தூய்மையாகக் காத்தலும், அடிக்கடி மருத்துவமனை செல்லுதலும் எளியவல்ல. தாடை சென்று நிற்கும் இடத்தையும் முதல் முறையைப்போல் அத்துணை நுட்பமாக நிறுத்தல் அரிது.

இரண்டையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி

இரண்டு முறைகளையும் நேருக்குநேர் வைத்துச் சோதித்தார் உளரோ எனின், உளர். 2002-க்கும் 2008-க்கும் இடையே ஹாங்காங் பல்கலைக்கழகத்தில், 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை முன்கொணர வேண்டிய பிளவுடையார் 47 பேரைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறார்க்கு முதல் முறையும் மற்றொரு கூறார்க்கு இரண்டாம் முறையும் செய்து, பல்லாண்டு தொடர்ந்து பார்த்தனர். இரு கூறார்க்கும் முகமும் கடியும் நன்கு திருந்தின. 5 ஆண்டு கழித்து அளந்தபோது, ஒருமுறையில் முன்வைத்தாரின் தாடை ஓரளவு பின்வாங்கியிருந்தது. இழுத்து வளர்த்தாரின் தாடை அதனினும் நிலைத்து நின்றது. பேச்சில் இரு முறைக்கும் வேறுபாடு காணப்படவில்லை. உள்ளத்தின் நிலையோ கருதத்தக்கது. இழுத்து வளர்த்தார், முதல் மூன்று மாதம் பிறர்முன் தம்மைத் தாழ்வாக எண்ணினர். இரண்டாண்டுக்குப் பின்னரோ வாழ்க்கையில் மிகுந்த மனநிறைவு எய்தினர்.

உலகத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் 2016-இலும் 2018-இலும் இப்பொருளை ஆராய்ந்தபொழுது, தகுதியாக அவர்க்குக் கிடைத்த சோதனை இஃதொன்றே. 47 பேரைக் கொண்ட ஒரே சோதனையாதலின், அதன் சான்று மிக வலியற்றது என்றே அவர்கள் எழுதினர். ஆகவே, "இழுத்து வளர்ப்பதே சிறந்தது" என்றோ, "அது பழைய முறைக்கு ஈடாகாது" என்றோ ஒருவர் அடித்துக் கூறுவாராயின், அவர் சான்றுக்கு மேற்பட்டுப் பேசுகின்றார் என்று அறிக. நம் உறுப்பினரிடம் இரு மருத்துவர் இரு வேறு விதமாகக் கூறியதற்கும் இதுவே காரணமாதல் கூடும். இருவருள் ஒருவர் பொய்யர் என்று நினைக்க வேண்டுவதில்லை.

பேச்சின் நிலை

இனி, என் துறைக்குரிய ஒன்றைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். நம் தொல்காப்பியர் எழுத்துப் பிறக்கும் உறுப்புகளுள் இதழ், நா, பல் என்பவற்றோடு அண்ணத்தையும் மூக்கையும் வைத்து எண்ணினார். மெல்லினத்திற்கு மூக்கை இடமாக வகுத்தார் நன்னூலார். ஙஞணநமன என்னும் ஆறும் மூக்கின் வழிக் காற்று சென்றாலன்றி ஒலியா. கசடதபற என்னும் வல்லினமோ காற்று மூக்கிற் செல்லாது வாயிலேயே தடைபட்டு வெடித்தாலன்றி ஒலியா. இவ்விரண்டையும் பிரித்து நடத்தும் கதவு யாது? அண்ணத்தின் பின்கோடியில் உள்ள மென்மையான சதையே. அஃது உயர்ந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் கதவு மூடும், தாழ்ந்தால் திறக்கும்.

அண்ணம் பிளந்து பிறந்தார்க்கு இக்கதவு குறுகியதாகவோ வலியற்றதாகவோ இருத்தல் கூடும். அது மூடாதவிடத்து வல்லினம் வலியிழந்து மெல்லினத்தின் சாயல் பெறும். 'கப்பல்' என்பது கேட்பார் செவிக்குக் 'கம்மல்' போல் விழும். இதுகாறும் எட்டிப்பிடித்து மூடிக்கொண்டிருந்த கதவை, மேல்தாடையோடு சேர்த்து 8 அல்லது 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோனால் என்னாகும்? பின்சுவர் எட்டாமற் போகலாம். முகம் திருந்தப் பேச்சு மூக்கொலியாகும் இடர் இதனால் நேர்வது. இஃது எல்லார்க்கும் நேர்வதன்று. கதவு முன்னரே அரைகுறையாக மூடிக்கொண்டிருந்தார்க்கே பெரிதும் நேரும். இதற்கு மாறாக, பல்லும் உதடும் நேருக்குநேர் வருதலால் சகரமும் தகரமும் பகரமும் திருந்துவதும் உண்டு.

மெல்ல இழுத்தால் இவ்விடர் இல்லை என்று சிலர் எண்ணினர். மேற்கூறிய ஹாங்காங் சோதனை அவ்வெண்ணத்திற்குத் துணைசெய்யவில்லை. ஆதலின், எம்முறையைக் கொண்டாலும், முன்னதாகப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி, மூக்கின் வழி மெல்லிய குழாயைச் செலுத்திக் கதவு மூடுவதை நேரிற் பார்த்துவிடல் வேண்டும். ஐயப்பாடு மிகுமாயின், மேல்தாடையின் முற்பகுதியை மட்டும் பிரித்து முன்னிழுத்து, பின்னண்ணத்தை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் ஒரு முறையும் உண்டு. அது தமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பின்னர் மூக்கொலி மிகுந்தால் அதனைத் திருத்தத் தனிச் சிகிச்சையும் உண்டு.

தேர்ந்தெடுக்கும் வழி

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு, மருத்துவரிடம் ஆறு வினாக்களைக் கேட்குமாறு நம் உறுப்பினரை வேண்டுகின்றேன். எத்தனை மில்லிமீட்டர் முன்கொணர வேண்டும்? குறை மேல்தாடையில் மட்டுமா, கீழ்த்தாடையிலும் உண்டா? வளர்ச்சி நின்றுவிட்டதா? ஈறெலும்பின் பிளவு நிரம்பியுள்ளதா? அண்ணத்தின் கதவு எந்நிலையில் உள்ளது? இம்முறையில் உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேர்க்குச் செய்து, பின்னர் ஆண்டுதோறும் அளந்து பார்த்துள்ளீர்கள்? இறுதியானது மரியாதைக் குறைவான வினா அன்று. நல்ல மருத்துவர் அதனை விரும்பி விடையளிப்பர்.

பொதுவாகக் கூறின், தூரம் சிறிதும் நடுத்தரமுமாய், வளர்ச்சி முடிந்து, தழும்பும் மிகாதிருந்தால் ஒருமுறையில் முன்வைத்தலைப் பலரும் கொள்வர். தூரம் 10 மில்லிமீட்டரைக் கடந்தோ, தழும்பு மிக இறுகியோ, வளர்ச்சி முடியுமுன் கொடிய குறையோ இருந்தால் இழுத்து வளர்த்தலை நாடுவர். இடைப்பட்டார்க்கு இரண்டும் இசையும். அங்கே நோயாளியின் வாழ்க்கை நிலையே துலாக்கோலின் நாவாக நிற்கும். பரீட்சை எப்பொழுது? மருத்துவமனைக்கும் ஊருக்கும் எத்துணைத் தூரம்? நாடோறும் திருகித் தூய்மை செய்ய வீட்டில் யார் உளர்? மாதக்கணக்கில் கருவி அணிந்து தெருவில் நடக்கும் மனத்திண்மை பிள்ளைக்கு உண்டா?

இங்கே தாய்மார்கட்கும் பெரியோர்கட்கும் ஒரு விண்ணப்பம். நம்மவர் சிலர், வரன் பார்க்கத் தொடங்குமுன் முகம் திருந்திவிட வேண்டும் என்று நாள் குறிக்கின்றனர். தாடையின் வளர்ச்சி நம் முகூர்த்தத்தைப் பார்த்து நிற்பதன்று. பெண்களுக்கு ஏறத்தாழ 16 வயதிலும், ஆண்களுக்கு 18 வயதிலும், சிலர்க்கு அதன் பின்னும், அது முடிகின்றது. ஆறு மாத இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றது என்று மருத்துவர் கூறுமுன் அவசரப்பட்டு அறுப்பித்தால், பின்னர்க் கீழ்த்தாடை வளர்ந்து செய்த வேலையைக் கெடுத்துவிடும். ஓராண்டு பொறுத்தலால் கெடுவது ஒன்றுமில்லை. பொறாமையால் கெடுவது இரண்டாம் அறுவை. முகத்தைப் பார்த்து மட்டும் பெண் கொள்ள வருவான் ஒருவனுக்காக அவ்விலை கொடுக்கத்தக்கதா என்று எண்ணிப் பாருங்கள்.

யாருடைய முகம்?

என் வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் இக்குறையுடைய மாணவன் ஒருவன் படித்தான். செய்யுளை மனப்பாடம் செய்வதில் அவனை வெல்வார் இலர். எழுதிக் காட்டுவானே அன்றி எழுந்து ஒப்பிக்கமாட்டான். அவன் வீட்டார் சிகிச்சை வேண்டாம் என்றனர். அவனோ வேண்டும் என்றான். ஒருநாள் அவன் தந்தையாரையும் அவனையும் எதிரெதிர் அமர்த்தி, "உனக்கு எது குறையாகத் தோன்றுகிறது?" என்று கேட்டேன். நாங்கள் அனைவரும் முகம் என்று சொல்வான் என எதிர்பார்த்தோம். அவன், "ஐயா, பரோட்டாவை முன்பல்லால் கடிக்க முடியவில்லை, கையால் பிய்த்துப் பிய்த்துத் தின்பதைப் பார்த்து எல்லாரும் கேட்கிறார்கள்" என்றான். தந்தையார் அன்றுவரை அதனை அறிந்திலர்.

அம்மாணவன் பின்னர் 19 வயதில் ஒருமுறையில் முன்வைக்கும் சிகிச்சை செய்துகொண்டான். அவனுடைய விடை பிறர்க்கு விடையாகாது. அவனைக் கேட்ட வினாவே எல்லார்க்கும் உரியது. சிகிச்சையே வேண்டாம் என்று ஒரு பிள்ளை தெளிந்து கூறின் அதுவும் ஒரு தேர்வே. முகத்தில் உள்ள குறை மனிதனின் குறை அன்று. வேண்டும் என்று கூறின், வலியையும் வீக்கத்தையும் கருவியையும் தாங்கப் போகின்றவர் அவரே. ஆதலின் மருத்துவர் பேசும்பொழுது அவரை வெளியே நிறுத்திவிட்டு நாம் மட்டும் கேட்டு வருதல் முறையன்று. நம் உறுப்பினர் தம் மகளையும் உடனழைத்துச் செல்க. மேற்கூறிய வினாக்களுள் மூன்றையேனும் அப்பெண்ணே கேட்கட்டும்.

பொருட்செலவைக் குறித்தும் ஒரு சொல். பிளவுதட்டுக் குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் தரும ஸ்தாபனங்கள் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயதுவரை உள்ளார்க்குக் கண்டறிந்து உதவவேண்டிய குறைகளுள் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டுள்ளன. தாடை அறுவைக்கு எது எவ்வளவு பொருந்தும் என்பதை மருத்துவமனையில் முன்னரே எழுத்து மூலமாகக் கேட்டறிதல் வேண்டும். 18 வயது கடந்தபின் கேட்பதினும் கடக்குமுன் கேட்பது நன்று. நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து, இத்தகைய சிகிச்சைக்காகப் பட்டணம் செல்லும் பிள்ளைகளுக்கு வழிச்செலவேனும் அளிக்க நிர்வாகிகள் ஆலோசிப்பார்களாயின், அது கல்விக்குச் செய்த உதவியேயாகும். எழுந்து ஒப்பிக்கும் துணிவும் கல்வியில் ஒரு பகுதி அன்றோ?

இறுதியாக, வினா எழுப்பிய அன்பர்க்கு என் விடையைச் சுருங்கக் கூறுவேன். உங்கள் மகளுக்கு 16 வயது. வளர்ச்சி நின்றதா என்பதைப் படங்களால் முதலில் உறுதிசெய்யுங்கள். தூரத்தை அளந்து எழுதி வாங்குங்கள். அண்ணத்தின் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் இரு மருத்துவர் முன்னும் அவ்வளவுகளை வைத்தால், அவர்கள் கருத்து வேறுபாடு பெரும்பாலும் தானே குறைந்துவிடும். குறையாது நின்றால், மகளின் விருப்பம் எதுவோ அதனைக் கொள்ளுங்கள்.